ஐக்கியமும் கூட்டாளியும்: போன்ஹோபரின் நூலை வெம்பக்கோட்டையிலிருந்து வாசித்தல்

நம் சபைகளில் மிகுதியாகப் புழங்கும் சொற்களுள் 'ஐக்கியம்' ஒன்று. வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கிய சங்கம், ஐக்கிய விருந்து என்று அச்சொல் நம் அறிவிப்புப் பலகைகளில் நிறைந்திருக்கிறது. அண்மைக்காலமாக நம் அருளுரைகளிலும் கட்டுரைகளிலும் மற்றொரு வழக்கம் பெருகி வருகிறது. ஐக்கியத்தை ஆலயத்துள் மட்டும் தேடவேண்டாம். தேநீர்க் கடையிலும் தெருக்குழாயடியிலும் பேருந்து நிறுத்தத்திலும் அது உண்டு என்று எழுதுகிறோம். கருத்து நல்லதே. ஆயினும் அதை எழுதுவோர் பெரும்பாலும் தேநீர் அருந்தக் காலம் கிடைத்தவர்கள் என்பது என் ஐயம். இவ்வையத்தோடுதான் டீட்ரிக் போன்ஹோபரின் 'சேர்ந்து வாழ்தல்' என்னும் சிறுநூலை இவ்வாண்டு மாணவரோடு மீண்டும் வாசித்தேன். வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஆயராகப் பணியாற்றிய ஆண்டுகள் அவ்வாசிப்பில் அடிக்கடி குறுக்கிட்டன. குறுக்கிட்டது நன்மைக்கே என்று எண்ணுகிறேன்.

நூல் பிறந்த சூழ்நிலையை மறந்தால் நூலைப் பிழையாக வாசிப்போம். ஜெர்மனியின் அறிக்கையிடும் திருச்சபைக்கெனப் பிங்கன்வால்டேயில் போன்ஹோபர் நடத்திய இறையியல் கல்லூரியை 1937 செப்டம்பரில் நாசி இரகசியக் காவலர் மூடினர். மறு ஆண்டு அவருடைய இரட்டைச் சகோதரி சபீனாவும், யூத மரபினரான அவர் கணவரும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவர்கள் விட்டுச்சென்ற கேட்டிங்கன் நகர வீட்டிலிருந்து ஏறத்தாழ நான்கே வாரங்களில் போன்ஹோபர் இந்நூலை எழுதி முடித்தார். 1939இல் அது வெளிவந்தது. 1954இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. இழந்துபோன ஒரு கூட்டுவாழ்வின் நினைவாகவே, ஆளற்ற வீட்டிலிருந்து ஐக்கியத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆகவேதான் நூலின் தொடக்கத்திலேயே, மற்றொரு கிறிஸ்தவன் நம் அருகில் இருப்பது நமக்குரிய பாத்தியதையன்று, அது கிருபை என்று அழுத்திக் கூறுகிறார். சிறையிலிருப்பவன், நோயாளி, தனித்து விடப்பட்ட ஊழியன் ஆகியோரே இதை நன்கு அறிவர் என்பது அவர் வாதம்.

ஐந்து அதிகாரங்கள் கொண்ட இந்நூலின் முதல் அதிகாரமே நம் சபைகளுக்கு மிகவும் வேண்டியது. ஐக்கியத்தைப் பற்றி நாம் கட்டிக்கொள்ளும் கனவே ஐக்கியத்தின் பகைவன் என்கிறார் போன்ஹோபர். சபை இப்படி இருக்கவேண்டும் என்னும் கனவை, இருக்கும் சபையைவிட அதிகமாய் நேசிப்பவன், எவ்வளவு நல்ல எண்ணம் உடையவனாயினும் சபையை அழிக்கிறான். சிற்றூர்ச் சபையிலிருந்து இறையியல் கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து திரும்பச் சிற்றூர்ச் சபைக்கும் போய்வந்தவன் என்ற முறையில் நான் இதற்குச் சாட்சி. இளம் ஆயராக நான் வெம்பக்கோட்டைப் பக்கம் சென்றபோது என் பையில் அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரம் இருந்தது. அங்கு நான் கண்டதோ கொரிந்தியர் சபை.

கனவைப் பற்றிய எச்சரிக்கையை முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டு, நான் மாறுபடும் இடத்திற்கு வருகிறேன். அது இரண்டாம் அதிகாரத்தில், வேலையைப் பற்றி வரும் சில பக்கங்கள். காலையில் சேர்ந்து வழிபட்ட சமூகம் பகலில் வேலைக்குச் செல்கிறது. அப்போது கிறிஸ்தவன் சகோதரனைச் சந்திக்கும் உலகிலிருந்து பொருள்களின் உலகிற்குள், 'நீ' என்று அழைக்கப்படும் உலகிலிருந்து 'அது' என்று சுட்டப்படும் உலகிற்குள் புகுகிறான் என்கிறார் ஆசிரியர். இதை அவர் இழிவாகச் சொல்லவில்லை. பொருளின் கடுமை மனிதனைத் தன்னலத்திலிருந்து விடுவிக்கிறது என்றும், அந்த 'அது'வைத் துளைத்துச் சென்று இறைவனாகிய 'நீ'யைக் காண்பதே செபமும் வேலையும் ஒன்றாகும் நிலை என்றும் விளக்குகிறார். ஆழமான சிந்தனைதான். ஆனால் இங்கு ஐக்கியம் காலையிலும் மாலையிலும் நிகழ்வது. நடுப்பகல் அதற்கு ஓர் இடைவெளி. வேலைத்தலத்தில் ஒருவன் பொருளோடு இருக்கிறான். தனியே, அல்லது இறைவனோடு. அருகிலிருக்கும் ஆள் எங்கே போனான்?

வெம்பக்கோட்டைக்கு வருவோம். வைப்பாற்றங்கரையில் உள்ள கரிசல் நிலம். ஆற்றங்கரை மேட்டில் 2022 முதல் நடைபெற்ற அகழாய்வில் சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் பொருள்களும் பெருமளவில் கிடைத்தன. கைத்தொழில் இம்மண்ணுக்குப் புதிதன்று. மழையை நம்ப முடியாத இந்நாட்டில், 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியதும், அதைத் தொடர்ந்து பட்டாசுத் தொழில் வளர்ந்ததும் யாவரும் அறிந்த வரலாறு. இன்று இவ்வட்டத்துச் சிற்றூர்களில் விடியற்காலையில் ஒலிப்பது ஆலயமணியன்று. ஆலை வேனின் ஹாரன். பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறுகிறார்கள். பொட்டலில் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட சிறு அறைகளில் வேலை. ஓர் அறையில் நான்கு பேருக்குமேல் இருந்து வேலை செய்யக்கூடாது என்பது விதி. மருந்து கலப்போர், குழாயில் மருந்து செலுத்துவோர், திரி வைப்போர், சரம் பின்னுவோர் என்று வேலை பிரிந்திருக்கிறது.

இங்கே 'அது' என்பது அலுமினியப் பொடியும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த மருந்து. அதை ஒருத்தி சற்று வேகமாகத் தேய்த்தால், தரையில் சிந்தியதை நீர் தெளிக்காமல் பெருக்கினால், விளைவு அவளுக்கு மட்டும் அன்று, அறையிலுள்ள நால்வருக்கும். எனவே பொருளைக் கையாளும் ஒவ்வோர் அசைவிலும் அயலாள் இருக்கிறாள். என் சபையைச் சேர்ந்த ஒரு மூத்த பெண்மணி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மனம் கலங்கி வேலைக்கு வந்த இளையவள் ஒருத்தியைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறது: "அன்னைக்கு அவ கையை மருந்துல வைக்க விடல ஐயா. வெளிய உக்காரச் சொல்லிட்டு அவ வேலையையும் நாங்க மூணு பேரும் பாத்துக்கிட்டோம்." இது அன்பா, அச்சமா என்று பிரித்துக் கேட்கலாம். அந்த அம்மையாருக்கு அப்படிப் பிரிக்கத் தோன்றவில்லை. போன்ஹோபர் தம் நான்காம் அதிகாரத்தில் கூறும் பணிகளுள் செவிகொடுத்தல், சிறு காரியங்களில் உதவுதல், பிறர் பாரம் சுமத்தல் ஆகிய மூன்றும் அந்த ஒரு முற்பகலில் நடந்துவிட்டன. அவருடைய நான்காம் அதிகாரமே அவருடைய இரண்டாம் அதிகாரத்தைத் திருத்துகிறது என்று வகுப்பில் சொன்னேன்.

வேதச் சொல்லையும் இங்கு நோக்கவேண்டும். 'கோயினோனியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு நம் மொழிபெயர்ப்பாளர் பல தமிழ்ச் சொற்களை ஆண்டுள்ளனர். அப்போஸ்தலர் 2:42இல் பழைய திருப்புதல் 'அந்நியோந்நியம்' என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'நட்புறவு' என்கிறது. 1 கொரிந்தியர் 10:16இல் பழைய திருப்புதல் 'ஐக்கியம்' என்கிறது. ரோமர் 15:26இலோ, எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டப்பட்ட காணிக்கையைக் குறிக்க அதே கிரேக்கச் சொல் வருகிறது. அங்கே பொருளுதவி என்னும் கருத்தில் பெயர்த்தனர். ஐக்கியம் என்பதன் நேர்ப்பொருள் ஒன்றாதல். கோயினோனியாவின் வேர்ப்பொருளோ பங்கு கொள்ளுதல். ஒன்றாதல் என்றவுடன் நம் மனம் உணர்ச்சியை நாடுகிறது; பங்கு என்றால் கணக்கு வந்துவிடுகிறது. நம் சபைகளில் முன்னது பெருகிப் பின்னது மெலிந்ததற்குச் சொல்லும் ஓரளவு காரணமோ என்று ஐயுறுகிறேன்.

இவற்றினும் குறிக்கத்தக்கது லூக்கா 5:10. யாக்கோபையும் யோவானையும் சீமோனோடு இணைத்துச் சொல்லும்போது நற்செய்தியாளர் அச்சொற்குடும்பத்தைச் சேர்ந்த 'கோயினோனாய்' என்னும் சொல்லையே ஆள்கிறார். நம் பழைய திருப்புதலில் அது 'கூட்டாளிகள்' என்று வருகிறது. வலையும் படவும் கடனும் இலாபமும் பங்கிட்ட தொழிற்கூட்டாளிகள்! சீடராவதற்கு முன்பே அவர்கள் கோயினோனாய். தென்மாவட்டப் பேச்சில் கூட்டாளி என்பது இன்றும் உயிருள்ள சொல். வேலைக்கூட்டாளி என்று பெண்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஐக்கியத்தைத் தேடி நாம் சமஸ்கிருதம் வரை சென்றோம். கூட்டாளி வேனில் ஏறி வேலைக்குப் போய்விட்டாள்.

இக்கட்டத்தில் மாணவர் ஒருவர் காலஞ்சென்ற தியோபிலஸ் அப்பாவுவை நினைவூட்டினார். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தவரும், 'பரட்டை' என்னும் பெயரில் நாட்டுப்புற மெட்டுகளில் பாடல்கள் இயற்றியவரும், 2005இல் மறைந்தவருமான அப்பாவு, 'ஒரு உலை' என்னும் கருத்தை இறையியலின் மையத்தில் வைத்தார். எல்லாரும் ஒரே குடும்பம். எல்லாருக்கும் ஒரே உலையில் பொங்கவேண்டும். நற்கருணையில் ஓர் அப்பத்தைப் பங்கிட்டுவிட்டு வீட்டில் வேறுவேறு உலை வைப்பது பொய் என்பது அதன் கூர்மை. போன்ஹோபரிடம் சமூகத்தின் மையம் வாசிக்கப்படும் வசனம். அப்பாவுவிடம் அது கொதிக்கும் பானை. தலித் மக்களின் பட்டினியிலிருந்தும், தீண்டாமை எல்லாவற்றையும்விடத் தண்ணீரிலும் சோற்றிலும்தான் கடுமையாய் நிற்கிறது என்னும் அறிவிலிருந்தும் பிறந்த இறையியல் அது. நாம் பெற்ற நல்ல சிந்தனைகளுள் ஒன்று என்றே மதிக்கிறேன்.

ஆயினும் உலையையும் வெம்பக்கோட்டையில் வைத்துப் பார்க்கவேண்டும். மதிய வேளையில் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டிகள் திறக்கப்படும்போது சோறு அவரவருடையது, வெஞ்சனமே கைமாறுகிறது. துவையலும் கருவாடும் கத்தரிக்காயும் வட்டத்தைச் சுற்றி வருகின்றன. இதைக் கேட்டபோது முதலில் நானும் மகிழ்ந்து, ஓர் அருளுரையில் எடுத்தாண்டேன். ஆராதனை முடிந்தபின் ஓர் அம்மையார் என்னிடம் வந்து, "எல்லார் சட்டியில இருந்தும் எல்லாரும் எடுக்கிறதில்ல ஐயா" என்றார். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. பின்னர் விசாரித்தேன். சில மரத்தடிகளில் வட்டம் ஒன்றுதான். சில மரத்தடிகளில் இரண்டு. யார் கொடுப்பதை யார் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் கொட்டிவிடுகிறார்கள் என்பதும் தெரியவந்தது. அப்படிக் கொட்டுவோரில் திருமுழுக்குப் பெற்றோரும் உண்டு. அவ்வாறு செய்யாமல் வாங்கி உண்போரில், மாரியம்மனுக்கு விரதமிருப்போரும் உண்டு. அன்றாட வாழ்வில் ஐக்கியம் இருக்கிறது என்று எழுதுவோர், அன்றாட வாழ்வில் சாதியும் அதே தட்டில் இருக்கிறது என்பதை எழுதுவதில்லை. அப்பாவு இதை அறிந்தவர். அவரைப் பாடுகிற நாம்தான் உலையைப் படமாக வரைந்து, வழிபாட்டு அட்டையில் அச்சிட்டுவிட்டோம்.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரம் இங்கு தானாகவே நினைவுக்கு வருகிறது. காலம் உள்ளவர் முன்னதாக வந்து உண்டு முடித்துவிடுகிறார். உழைப்பாளி தாமதமாய் வரும்போது மீதியில்லை. பவுல் கட்டளையிடும் தீர்வு மிக எளியது: காத்திருங்கள் என்பதே. இதில் என் குற்றமும் ஒன்றுண்டு. வாரநாள் வீட்டுச்செபக் கூட்டத்தை நான் மாலை ஆறு மணிக்கு வைத்திருந்தேன். ஆசிரியர்களுக்கும் ஓய்வு பெற்றோருக்கும் அது வசதி. வேன் ஊருக்குள் திரும்புவதோ அதற்குப் பின். ஆலைப் பெண்கள் வியர்வையோடு, கைரேகைகளில் வெள்ளிப்பொடி ஒளிர, முடிவு செபத்துக்கு வந்து வாசலில் நிற்பார்கள். அவர்களுக்கு ஆவிக்குரிய வாஞ்சை குறைவு என்று ஆயர்வட்டக் கூட்டமொன்றில் நான் பேசியதும் உண்டு. 1950இல் நம் தென்னிந்தியத் திருச்சபை வகுத்த நற்கருணை ஆராதனை முறையில் சமாதானத்தைக் கையோடு கை சேர்த்து அளிக்கும் பழைய சீரிய மரபு சேர்க்கப்பட்டது. உலகச் சபைகள் பல அதைப் போற்றின. அந்தக் கைகளை ஞாயிறுதோறும் பற்றிய நான், அவை எத்தனை மணிக்கு ஓய்கின்றன என்று கேட்டதில்லை.

இதைவிடக் கனமான ஒன்றையும் எழுதவேண்டும். ஆலை விபத்தொன்றுக்குப் பின் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குச் சென்றேன். கையில் எங்கள் சபையாரின் பெயர்கள் எழுதிய சிறு தாள். எங்கள் சபைப் பெண் ஒருத்தியின் கட்டிலருகே நின்று செபித்துவிட்டு, அடுத்த கட்டிலைக் கடந்து நடந்தேன். அதில் கிடந்தவள் அதே அறையில் வேலை செய்தவள். பெயர் என் தாளில் இல்லை. எங்கள் பெண் கட்டுப்போட்ட கையைச் சற்றே அசைத்து, "ஐயா, மதினிக்கும்" என்றாள். மதினி என்பது இரத்த உறவன்று; சாதியும் வேறு, சமயமும் வேறு. நான் திரும்பி வந்து செபித்தேன். அன்று செபித்தவன் யார், செபிக்கக் கற்பித்தவர் யார் என்பதில் எனக்கு ஐயமில்லை. கிறிஸ்தவனும் கிறிஸ்தவனும் கிறிஸ்துவின் மூலமாகவே ஒருவரையொருவர் அடைகிறார்கள் என்று போன்ஹோபர் வரையறுத்தது உண்மையே. ஆனால் அந்த வரையறை என் தாளைப் போன்றது. அதிலுள்ள பெயர்கள் சரியானவை. பட்டியல் முடிவதுதான் குறை. இதைத் திருச்சபைக்கும் உலகுக்கும் வேறுபாடில்லை என்னும் கருத்தாக எவரும் கொள்ளவேண்டாம். அந்த மதினியைத் திருச்சபையாக்கிப் பெயரிட எனக்கு உரிமையில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை. எங்கள் பெண்ணின் விசுவாசம் அவளைத் தன்னோடு செபத்துக்குள் இழுத்து வந்தது என்று மட்டும் சொல்வேன்.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். ஆபத்தால் விளையும் ஒற்றுமையைப் புகழ்வது ஆபத்தையே புகழ்வதாகாதா? ஆகும், எனவே இங்கு மிகுந்த கவனம் வேண்டும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியருகே முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். அவர்களுள் பலர் தொழிலாளர் அல்லர். முதல் தீயைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தார். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டையருகே பத்துப்பேர். நால்வர் இருக்கவேண்டிய அறையில் அதற்கு மேற்பட்டோர் இருத்தப்பட்டனர் என்பது இவ்வட்டார விபத்து விசாரணைகளில் திரும்பத் திரும்ப எழும் குற்றச்சாட்டு. அங்கே நெருக்கம் என்பது ஐக்கியமன்று, விதிமீறல். ஓடிவந்து இறந்தவர்களின் அன்பைப் பிரசங்கத்தில் போற்றிவிட்டு, அறைக்கு எத்தனை பேர் என்று எண்ணாமல் விடும் ஆயர், அந்த அன்புக்கே பகைவர். கோயினோனியா பங்கு என்றால், இடரிலும் கூலியிலும் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வியும் அதில் அடக்கம். போன்ஹோபரின் நூலில் முதலாளி இல்லை; கல்லூரியில் அவருக்கு அந்தத் தேவை எழவில்லை. நம் நாட்டில் அந்நூலை வாசிப்போர் அவ்விடத்தைத் தாமே நிரப்பிக்கொள்ளவேண்டும்.

இவ்வட்டாரத்தின் மிஷனெரி வரலாற்றில் ஒரு முன்மாதிரி உண்டு. நாம் அதைச் சுவரில் படமாக மாட்டிவிட்டு மறந்துபோனோம். 1854இல் ராக்லந்து ஐயர் இரண்டு தோழரோடு வட திருநெல்வேலியில் ஊர் சுற்றும் பணியைத் தொடங்கியபோது, மிஷன் வளாகம் கட்டாமல் கூடாரத்தில் வாழ்ந்தார். தென் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசிமார் முறைவைத்து வந்து அவர்களோடு உழைத்தனர். 1858 அக்டோபரில் அவர் சிவகாசியில் காலமானார். பிங்கன்வால்டேக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் ஒரு 'சேர்ந்து வாழ்தல்' நடந்தது. மக்கள் இருந்த இடத்துக்கு அது பெயர்ந்து சென்றது என்பதே அதன் சிறப்பு. 1921இல் திருப்பத்தூரில் சேசுதாசனும் பேட்டனும் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமம் வேறுவகை. அது மக்களைத் தன்னிடம் வரவேற்றது. இரண்டும் வேண்டியவையே. வேன் நேரத்துக்குக் கட்டுப்பட்ட ஊரில் முன்னதே மிகுதியாய் வேண்டும்.

மூன்றாம் அதிகாரத்தைப் பற்றி ஒரு சொல். தனித்திருக்க அறியாதவன் சமூகத்தைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கட்டும் என்பது அதன் சாரம். வகுப்பில் அப்பகுதியிலிருந்து வந்த ஒரு மாணவி, "எங்க அம்மாவுக்குத் தனித்திருக்கும் நேரம் எது ஐயா?" என்று கேட்டார். நால்வர் அறையில் பகல், ஒரே அறை வீட்டில் இரவு, வேனில் நெரிசல். நான் விடை தேடிக்கொண்டிருக்கையில் அவரே சொன்னார்: அம்மா விடியுமுன் அடுப்பு மூட்டி உலை கொதிக்கும்வரை யாரோடும் பேசமாட்டாராம்; பிள்ளைகளும் அந்நேரம் அவரைக் கூப்பிடக்கூடாதாம். போன்ஹோபரும் அப்பாவுவும் அந்த அடுப்படியில் சந்தித்துக்கொண்டதாக எனக்குத் தோன்றிற்று. வகுப்பு மணி அடித்துவிட்டதால் அதை மாணவரிடம் சொல்லவில்லை.

நூலை நான் மறுதலிக்கவில்லை. ஆயர்கள் ஆண்டுக்கொரு முறை வாசிக்கத்தக்கது. வரும் பருவத்தில் முதல் அதிகாரத்தை விடுத்து, வேலையைப் பற்றிய அப்பக்கங்களிலிருந்தே தொடங்க எண்ணியுள்ளேன். வாசிக்குமுன் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் சபையில் செபக்கூட்டம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, அந்நேரத்தில் யார் இன்னும் வீடு திரும்பவில்லை என்பதை விசாரித்து எழுதிவரவேண்டும் என்று பணித்திருக்கிறேன். வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சபையில் கூட்டத்தை ஏழரைக்கு மாற்றினோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் இருவர் உறக்கம் கெடுகிறதென்று குறைபட்டனர், அவர்களும் வருகிறார்கள்.